பேராச்சி மைனி முழுக்கையைக் கழற்றிய கதை

எங்கள் பேராச்சி மைனி ஜெர்மனிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்த கதை தாராவியில் இப்போது பல ரூபத்தில் உலவுகிறது. உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் வெள்ளைக்காரர்களோடு ஏரியில் குதித்தாளாம், இது மூலையில் செல்போன் கடை வைத்திருப்பவன் சொல்வது. ஏதோ மூலிகைத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் அவள் தோல் சரியாகிவிட்டதாம், இது குழாயடிப் பேச்சு. சரியாகிவிட்டதா இல்லையா என்று கண் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாமே, மைனி எங்கே ஓடிப் போய்விட்டாள்? வாய்க்கு வந்ததைப் பேச யாருக்கும் வாடகை கிடையாது என்றால் இப்படித்தான். நான் கூடவே போனவள். அதே தண்ணீரில் கழுத்துவரை நின்றவள். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன், மற்றவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

என் பெயர் பிரேமலதா. செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. பேராச்சி என் அண்ணன் நாகராஜின் மனைவி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை மைனி என்போம்.

மைனி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே தாராவிக்கு வந்தவள். வந்த மறுவாரமே இட்லிக் கொப்பரைக்கு முன்னால் நின்றுவிட்டாள். எங்கள் சந்தில் பாதி வீட்டில் இட்லிதான் தொழில். விடிவதற்கு முன்னால் அவித்து, அலுமினியத் தூக்கில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆண்கள் சயான், மாட்டுங்கா, தாதர் என்று கிளம்பிவிடுவார்கள். ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கத்தில் நின்று அவசர அவசரமாக இட்லி தின்றுவிட்டு ஃபாஸ்ட் லோக்கல் பிடிக்க ஓடுகிற ஆபீஸ் ஜனங்களுக்கு, அது எந்த வீட்டு அடுப்பில் வெந்தது என்று என்ன தெரியும்? மைனியின் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும். அண்ணனுடைய தூக்குதான் எப்போதும் முதலில் காலியாகும். எஞ்சியதை மைனி வீட்டு வாசலில் வைத்து அக்கம்பக்கத்துக்கு விற்பாள்.

மகள் சாதனா பிறந்த மறுவருஷம் மைனியின் வலது கை விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அரிசி மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அவள் கழுவிக் கழுவிப் பார்த்தாள். போகவில்லை. பிறகு விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, கழுத்தோரம் என்று ஏறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இது ஒட்டுகிற வியாதி இல்லை, வலி கிடையாது, தோலின் நிறம் மட்டும்தான் போகிறது. டாக்டர் சொன்னால் போதுமா? சந்து கேட்க வேண்டாமா? ஒரு நாள் காலை ஒருத்தி தட்டில் எடுத்த இட்லியைத் திருப்பி வைத்துவிட்டு, "இது நாகராஜண்ணன் அவிச்சதா, நீ அவிச்சதா?" என்று கேட்டாள். மைனி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த வாரமே வாசல் வியாபாரம் படுத்துவிட்டது.

அன்றிலிருந்து சைக்கிள் வியாபாரம் முடிந்ததும் வாசலுக்கு அண்ணன் வந்தான், மைனி உள்ளே போனாள். மாவு ஆட்டியது அதே கை, அவித்தது அதே கை. அண்ணன் எடுத்துக் கொடுத்ததும் அந்த ஜனங்களே திரும்ப வந்து வாங்கித் தின்றார்கள்! கையைப் பார்க்காதவரை அமிர்தம், பார்த்தால் விஷம். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அப்போதே வாசலில் நின்று நாலு கேள்வி கேட்டேன். மைனிதான் என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள்.

அப்புறம் ஜாக்கெட் எல்லாம் முழுக்கை. நைட்டியும் முழுக்கைதான், கழுத்துவரை பட்டன் வைத்து, தெரிந்த டெய்லரிடம் சொல்லித் தைத்தது. மே மாத பம்பாய்ப் புழுக்கத்தில், கொப்பரை ஆவிக்குப் பக்கத்தில், அந்த முழுக்கைக்குள் அவள் வெந்துகொண்டு நிற்பாள். கல்யாணம் காட்சிக்கு வந்தால் நேரே சமையல் கட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் பெண்ணைப் படிக்கவைத்தாள் பாருங்கள், அதில் மட்டும் ஒளிவு மறைவு கிடையாது. சாதனாவை நர்ஸிங் சேர்த்து, அவள் ஜெர்மன் பாஷை படிக்கப் போகிறேன் என்றதும் அதற்கும் தலையாட்டி, கடைசியில் அந்தப் பெண் ஜெர்மனியில் ஒரு ஏரிக்கரை ஊரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். எங்கள் சந்திலிருந்து துபாய்க்குப் போனவர்கள் உண்டு. ஜெர்மனிக்குப் போனவள் எங்கள் சாதனாதான்.

அங்கே அவளுக்கு ஆதர்ஷைப் பிடித்துப்போனது. பம்பாயை ஒட்டிய நெருள் பையன், நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்தான், அவனும் அங்கேதான் வேலை. இரண்டு பேரும் லீவில் வந்திருந்தபோது தாராவியிலேயே ஒரு ஹாலில் நிச்சயதார்த்தம் வைத்தோம். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஷ்யாமளா, "பொண்ணோட அம்மா எங்க?" என்று கேட்டாள். பெண்ணின் அம்மா சமையல் கட்டில் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. அத்தை என்ற முறையில் நான் போய் நின்று தட்டை மாற்றினேன். வயிறு எரிய எரியத்தான் நின்றேன்.

விருந்தாளிகள் போனதும் சாதனா பட்டுப்புடவையோடு சமையல் கட்டுக்குள் போய் நின்றாள்.

"யம்மா, தையில கல்யாணம். தாரை வாக்க நீ வந்து மேடையில நிக்கணும். நீ நிக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்."

"கிறுக்கி மாரி பேசாதட்டி. ஒங்க அத்தை நிப்பா."

"என்னையப் பெத்தது அத்தையா?"

"நான் வந்து நின்னா எல்லாவளும் என் கையத்தான் பாப்பாளுவ. ஒன் கழுத்துல தாலி ஏறுறத எவ பாப்பா? நாளைக்கு ஒனக்குப் பொறக்குற புள்ளைக்கும் இது வரும்னு பேசுவாளுவ. அந்தப் பேச்சு ஒனக்கு வேண்டாம். நான் வரல, அம்புட்டுதான்."

"அப்பம் கல்யாணமும் இல்ல. அம்புட்டுதான்."

இரண்டும் ஒரே மண். ஒன்றுக்கொன்று சளைக்காது. சாதனா அப்படியே கோபத்தோடு விமானம் ஏறினாள். அண்ணன் சாப்பிடாமல் சுற்றி வந்தான். தை மாதத்துக்கு ஹால் பிடித்தாகிவிட்டது, நெருள்காரர்கள் பத்திரிகை அடிக்கக் கேட்கிறார்கள், இந்த இரண்டு பேரும் போனில் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. திடீரென்று ஒரு நாள் சாதனா எனக்கு போன் செய்தாள். "அத்தே, ஒனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போடுதேன். தீவாளி கழிஞ்சு வாங்க. அம்மா தனியா வர மாட்டா, நீ இழுத்துட்டு வா." எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மாவை மேடையேற்றத்தான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

விசா, விமானம், ஏர்போர்ட்டில் பருப்புப்பொடியை ஒருவன் பிரித்து மோந்து பார்த்தது எல்லாம் தனிக் கதை, விடுங்கள். போய் இறங்கினால் அப்படி ஒரு குளிர்! ரோட்டில் போகிற ஆண், பெண், குழந்தை குட்டி எல்லாம் கழுத்துவரை மூடி, கைக்கு உறை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். மைனிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"லதா, இது நல்ல ஊருட்டி. எல்லாரும் முழுக்கை போடுதாவ."

தெருவில் கை வீசி நடந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் முன்னால் போய் நின்றாள். சாதனாவின் வீட்டில் மாவு புளிக்கவில்லை என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் போர்வை போர்த்தி வைத்து, புளிக்கவைத்து, ஆதர்ஷுக்கு இட்லி அவித்துப் போட்டாள். அவன் ஒன்றுக்குமேல் ஒன்றாகத் தின்றுகொண்டே, "அத்தை, நீங்க இங்கேயே இருந்துடுங்க" என்றான். அவன் எதிரிலும் கையுறையோடுதான் நின்றாள், குளிருகிறது என்று சொல்லி. சாதனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை, "கிளம்புங்க, குளிக்கப் போறோம்" என்றாள்.

"வீட்டுலதான் பாத்ரூம் இருக்கே" என்றாள் மைனி.

"இது வேற குளியல்."

ஏரிக்கரையில் பெரிய கண்ணாடிக் கட்டடம். பூமிக்கடியிலிருந்து சூடாக உப்புத் தண்ணீர் எடுத்துப் பெரிய குளங்களில் விட்டிருக்கிறார்கள். ஒரு குளம் கட்டடத்துக்குள்ளே தொடங்கி, சுவருக்கு அடியில் ஒரு வழியாக வெளியே ஏரியைப் பார்த்துப் போகிறது. சாதனா விளக்கினாள்: "கடல் தண்ணி மாரி உப்பும்மா, ஆனா வெந்நி. முங்க மாட்ட, தன்னால மிதப்ப. இதுல போட இந்த உடுப்பு." அவள் நீட்டியது முழங்கால்வரை வருகிற நீச்சல் உடை, அரைக்கை. மைனி அதை நுனிவிரலால் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். வெளியே வரும்போது எல்லாரையும் போல வெள்ளை டவல் துணியில் தைத்த அங்கியைச் சுற்றியிருந்தாள். நானும் சாதனாவும் நல்லபடியாகத்தான் நடக்கிறது என்று நினைத்தோம்.

குளத்துப் படியில் நின்று அங்கியைச் சட்டென்று கழற்றி என் கையில் திணித்தாள் பாருங்கள். உள்ளே நைட்டி! தாராவியிலிருந்து கொண்டுவந்த அதே பூப்போட்ட முழுக்கை நைட்டி, கழுத்துப் பட்டன் போட்டு. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

நம் ஊர் வாய்க்காலில் என்றால் நனைந்த துணி உடம்போடு ஒட்டும். இது உப்புத் தண்ணீர், ஆளையே தூக்கிப் போடுகிறது, நைட்டியை விடுமா? உள்ளே காற்று அடைத்துக்கொண்டு அது கணபதி பந்தல் மாதிரி எழும்பி நின்றது. முன்னால் அமுக்கினால் பின்னால் எழும்புகிறது, பின்னால் அமுக்கினால் முன்னால். இதற்குள் கால் இரண்டும் தரையை விட்டு மேலே வந்துவிட்டது. நடுவில் மைனியின் தலை மட்டும்.

"ஏட்டி லதா, புடிட்டி! அங்கன போவுது பாரு, புடி!"

நான் எங்கே பிடிப்பது? சிரிப்பில் எனக்கே மூச்சு முட்டியது.

"சிரிக்காத, சவத்து மூதி!"

குளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், நல்ல ஜனங்கள்தான், ஒரு கிழவர் நீந்தி வந்து நைட்டியின் ஒரு ஓரத்தை மரியாதையாக அமுக்கிக் கொடுத்தார். அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண் வந்து, வீட்டு உடையோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்று பணிவாகச் சொன்னாள். சாதனா அவளிடம் மன்னிப்புக் கேட்க, மைனி நைட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி, சொட்டச் சொட்ட உடை மாற்றும் இடத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும். வீட்டுக்குப் போவலாம். எல்லாரும் என்னையே பாத்தாவ."

எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. இங்கிருந்து இவள் இப்படியே வீட்டுக்குப் போனால் தை மாதம் மேடைக்கு வர மாட்டாள். சாதனா மணையில் உட்கார மாட்டாள். மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. சாதனா தரையில் மண்டியிட்டு அம்மாவின் தலையைத் துவட்டினாள்.

"ஆமாம்மா, பாத்தாவ. நைட்டியப் பாத்தாவ. ஒங்கையவா பாத்தாவ?"

மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, நீ சொல்லு. தண்ணில அத்தன பேரு இருந்தாவளே. ஒருத்தருக்கு வயிறு தொங்குது. ஒருத்தியம்மாவுக்கு காலு பூரா நரம்பு சுருண்டு கெடக்கு. ஒருத்தருக்கு முதுவுல இம்புட்டு நீளத் தையல். நீ யாரையாவது பாத்தியா?"

"நான் எங்கட்டி பாத்தேன்? என் பாடே எனக்குப் பெரும்பாடா இருந்துச்சு."

"அவியளுக்கும் அப்படித்தாம்மா."

மைனி மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு நனைந்த நைட்டியின் கையை முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள். நான் குறுக்கே ஏதாவது சொல்லலாமா என்று வாயெடுத்தேன், சாதனா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"நான் பாட்டுக்கு அதப் போட்டுட்டு எறங்கியிருந்தா ஒருத்தரும் திரும்பியிருக்க மாட்டாவ" என்றாள் மைனி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "மூடுனதத்தான் பாத்திருக்காளுவ." அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "அந்த அரைக்கை உடுப்பக் கொண்டா."

அங்கியைச் சுற்றிக்கொள்ளவில்லை. அறையிலிருந்து குளம்வரை அந்த நீண்ட நடையில் வெறும் அரைக்கையோடு நடந்தாள். தோளுக்குக் கீழே கருப்பும் வெள்ளையும் மாறி மாறிப் படர்ந்திருந்த அந்தக் கைகளை இத்தனை வருஷத்தில் நானே முழுசாகப் பார்த்ததில்லை. தலை நிமிர்ந்துதான் நடந்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், குளத்துக்குப் பக்கத்தில் போவதற்குள் அதையும் விட்டுவிட்டாள். ஒருவரும் திரும்பவில்லை. நைட்டியை அமுக்கிக் கொடுத்த கிழவர் மட்டும் அடையாளம் கண்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு நீந்தினார்.

தண்ணீரில் மல்லாந்து படுத்தாள். அது அவளைத் தாங்கிக்கொண்டது. அப்படியே சுவருக்கு அடியில் நழுவி வெளிக் குளத்துக்குப் போனோம். மேலே குளிர்காற்று, கீழே வெந்நீர், எதிரே ஏரி முழுக்கப் புகை போலப் பனி. திடீரென்று கொஞ்சம் வெயில் வந்தது. மைனி இரண்டு கையையும் தண்ணீரிலிருந்து தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் கைய நானே வெயில்ல பாத்து எத்தன வருசமாச்சுட்டி லதா" என்றாள். "ஒண்ணும் மோசமில்ல, என்ன?"

"நல்லாத்தான் இருக்கு மைனி" என்றேன்.

அத்தோடு விட்டதா? அங்கேயும் நம்மவர்கள் வந்து சேர்ந்தார்களே! டில்லிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, புருஷனோடு வந்தவள், நீந்தி நீந்திப் பக்கத்தில் வந்தாள். மைனியின் கையைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிப் போனாள், மனசு கேட்காமல் திரும்ப வந்து ஹிந்தியில் கேட்டேவிட்டாள், இது மற்றவர்களுக்குப் பரவுமா என்று. நான் அவளை உண்டு இல்லை என்று ஆக்கத் தயாரானேன். மைனி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தாராவி ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள்:

"நஹீ பைல்தா, பஹன். பைல்தா தோ மேரா ஆத்மி கப்கா கோரா ஹோ ஜாதா."

பரவாது தங்கச்சி, பரவுமென்றால் என் வீட்டுக்காரர் எப்பவோ சிவப்பாகியிருப்பாரே என்று! என் அண்ணன் நாகராஜைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிலின் அருமை தெரியும், கருப்பட்டி அவனிடம் கடன் வாங்க வேண்டும். அந்தப் பெண் ஒரு நிமிஷம் விழித்தாள், பிறகு வெடித்துச் சிரித்தாள், மைனியும் சிரித்தாள். போகும்போது அவள் மைனியின் அந்தக் கையைத்தான் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். வாசலில் இட்லியைத் திருப்பி வைத்தவளுக்கு வாயடைத்து நின்ற அதே பேராச்சிதான் இவள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஊருக்கெல்லாம் கேட்கிறமாதிரி இவள் எங்கள் மைனி என்று கத்த வேண்டும் போல இருந்தது, யாருக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக, ஏரியைப் பார்த்தபடி இருக்கிற மரவீட்டுக்குப் போனோம். சானா என்கிறார்கள். உள்ளே அடுப்பில் கல்லைச் சுட வைத்து, படிப்படியாகப் பலகை போட்டு, அதில் உட்கார்ந்து வியர்க்க வேண்டும். அதற்குள் உடுப்பே கூடாதாம், பெரிய துண்டு மட்டும்தானாம். ஆணும் பெண்ணும் சேர்ந்தாம்! துண்டை அக்குள்வரை இறுகக் கட்டிக்கொண்டு நான் கதவைத் திறந்தேன். எதிரிலேயே ஒரு பெரியவர் துண்டைக் கீழே விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார், மேலே ஒன்றுமில்லை. யம்மாடி!

"கண்ணத் தாத்திக்கோட்டி" என்றாள் மைனி என் காதில். "நம்ம என்ன மாப்பிள்ள பாக்கவா வந்திருக்கோம்? வேர்க்கத்தானே வந்தோம்."

ஆற்றங்கரையில் பாவாடையை ஏற்றிக் கட்டிக் குளிக்கிறவள் மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு, தோளும் கையும் திறந்திருக்க, அவள் நேரே மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தாள். மேலேதான் சூடு அதிகம் என்று சாதனா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒரு ஆள் வாளியோடு வந்து, வாசனைத் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றி, டவலைச் சுழற்றி ஆவியை எல்லார்மேலும் அடித்தான். ஊவென்று ஒரு சத்தம், பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உயிரே போயிற்று, எழுந்து ஓடி வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மைனி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொப்பரை மூடியைத் திறந்துவிட்டு ஆவி அடங்கக் காத்திருக்கிறவளைப் போல இருந்தாள். முடிந்ததும் எல்லாரும் அந்த வாளிக்காரனுக்குக் கை தட்டினார்கள். மைனி வெளியே வந்து அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"ஆவி அடிச்சதுக்குக் கைதட்டுதாவட்டி! நான் தெனமும் ஆவியிலதான் நிக்கேன், ஒரு பய தட்டினானா?"

சாதனா அங்கேயே, அந்தக் குளிரில், அத்தனை பேருக்கு நடுவில் நின்று அம்மாவுக்காகக் கை தட்டினாள். நானும் தட்டினேன். எங்களைப் பார்த்து வாளிக்காரனும் தட்டினான்.

மேடையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் மைனி அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அண்ணன் என்னிடம் வந்து, "என்னட்டி ஆச்சு, வருவாளா மாட்டாளா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினான். ஒரு நாள் மைனி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டெய்லரிடம் போனாள். பட்டு ஜாக்கெட் துணியை நீட்டினாள். டெய்லர் வழக்கம்போலத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை டேப்பைப் பிடித்தார்.

"அரைக்கை" என்றாள் மைனி.

"உங்களுக்கா?"

"வேற யாருக்கு? எம் மவ கல்யாணம்."

நான் வெளியே வந்து அண்ணனுக்கு போன் போட்டு, போய்ப் பத்திரிகை அடிக்கச் சொல்லுண்ணே என்றேன்.

தை பிறந்தது, கல்யாண நாளும் வந்தது. மணப்பெண் அறையில் சாதனாவுக்கு அலங்காரம் செய்தவள் ஜோயா, தாராவிப் பெண், தமிழும் பேசுவாள். சாதனாவை முடித்து வெளியே அனுப்பிவிட்டு, ஜோயா தயங்கித் தயங்கி மைனியின் பக்கம் வந்தாள். கையில் சின்ன மேக்கப் டப்பாவும் ஸ்பாஞ்சும்.

"ஆன்ட்டி, மாப்ள வீட்டுல சொல்லிட்டுப் போனாங்க. கையில, கழுத்துல கொஞ்சம் லகா தேதி ஹூம், பூசி விடுறேன். அஞ்சு நிமிஷம்தான். போட்டோல தெரியாது."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஜோயா வாசலைப் பார்த்தாள். வாசலில் ஷ்யாமளா நின்றுகொண்டிருந்தாள், செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட வந்தவள். மைனி பயந்த பேச்சு, இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்த பேச்சு, சரியாகக் கல்யாணத்தன்றைக்கு வந்து நிற்கிறது. நான் மைனியின் முகத்தைப் பார்த்தேன். இவள் இப்போது சமையல் கட்டுக்குப் போனால் என்ன செய்வது?

மைனி கண்ணாடியில் தன்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஜோயாவின் கையைத் தள்ளிவிடவில்லை, மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேண்டாம்மா. எம் மவ இந்தக் கையப் புடிச்சுதான் நடந்து பழகினா. இன்னைக்கு அவளப் புடிச்சுக் குடுக்கும்போது வேற எவளோ ஒருத்தி கை மாரி இருக்கப்படாது."

பிறகு வாசலைப் பார்த்தாள். "சம்பந்தி, ஒங்க மருமவள வளத்த கை இதான். நல்லாப் பாத்துக்கிடுங்க, அப்புறம் மேடைக்குப் போவலாம்."

ஷ்யாமளாவின் முகம் சிவந்துவிட்டது. "நான் போட்டோவுக்காகத்தான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். குனிந்து செம்பை எடுத்து மைனியின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி வழி விட்டாள். நான் முன்னால் ஓடி, "நகருங்க, நகருங்க, பொண்ணோட அம்மா வாராவ!" என்று ஹால் முழுக்கக் கத்தினேன். நாதஸ்வரக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார்.

மேடையில் அண்ணன் சாதனாவின் கையை எடுத்து ஆதர்ஷின் கையில் வைத்தான். அரைக்கைப் பட்டு ஜாக்கெட்டிலிருந்து நீண்ட மைனியின் கை, விளக்கு வெளிச்சம் முழுக்க விழுந்த அந்தக் கை, செம்பை உயர்த்தியது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். மைனி அவளை நேருக்கு நேர் பார்த்து, சிரித்து, கொஞ்சமும் அவசரப்படாமல் தண்ணீரை வார்த்தாள். சாதனா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பெருமையில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்!